ஈப்போவில் எங்கே இறங்குவீர்கள்?

சிலிபினில் உறவினர் வீட்டு விசேஷமா? ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவைக் காட்ட வேண்டுமா? எதற்காக வந்தாலும், வாசக அன்பர்களே, எங்கே இறங்குவது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் அமான்ஜெயா நிலையத்தில்தான் நிற்கின்றன. அது பட்டணத்துக்கு வடக்கே, மேரு ராயாவில், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பட்டணத்திலுள்ள மேடான் கிட் நிலையத்துக்கு உள்ளூர்ப் பேருந்து உண்டு. ஆனால், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய முதியவரை வைத்துக்கொண்டு அதற்காகக் காத்து நிற்பது பெரும்பாடு. கைப்பேசியில் கிராப் வண்டியை அழையுங்கள். கட்டணம் முன்னாலேயே தெரிந்துவிடும். நாலு பேராக வந்தால் பங்கிட்டுக்கொள்ளலாம்.

ரயிலில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கோலாலம்பூரிலிருந்து 2010 முதல் மின்ரயில் ஓடுகிறது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். 1917-இல் கட்டி முடித்த வெள்ளை நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே பழைய பட்டணம்தான். தீபாவளிச் சமயத்தில் மட்டும் டிக்கெட் குதிரைக்கொம்பு, முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

பழைய பட்டணத்தை நடந்தே பார்த்துவிடலாம். சிறிது தூரத்தில் 1909-இல் எழுப்பிய பர்ச் மணிக்கூண்டு. 1875-இல் கொல்லப்பட்ட ஆங்கிலேய அதிகாரியின் நினைவுச் சின்னம் அது. அது நிற்கும் சாலைக்கோ, அக்கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட டத்தோ சாகோரின் பெயர்! பிள்ளைகளை அழைத்து வந்தால் இங்கே கொஞ்சம் நின்று சொல்லுங்கள். கிந்தா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் புதிய பட்டணம்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும், குடை வேண்டும். சிலிபினுக்கு வருகிறவர்கள் லூர்து மாதா தேவாலயத்தை அடையாளம் சொல்லி ஏறுங்கள்.