அடைப்பு இருந்தும் ஸ்டென்ட் வேண்டாமா?

ஆஞ்சியோகிராம் முடிந்து, "இதய இரத்தக்குழாயில் 60 சதவீத அடைப்பு உள்ளது" என்று சொன்னதும், உடனே ஸ்டென்ட் வைத்துவிடுமாறு குடும்பத்தினர் எங்களைக் கேட்பது இயல்பே. ஆயினும் எல்லா அடைப்புகளுக்கும் ஸ்டென்ட் தேவைப்படுவதில்லை.

ஆஞ்சியோகிராம், குழாய் எங்கே, எவ்வளவு குறுகியுள்ளது என்பதைக் காட்டும். அக்குறுகலால் இதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் எவ்வளவு குறைகிறது என்பதைக் காட்டாது. நடுத்தர அடைப்புகளில் கண்மதிப்பீடு பிழைபடுவதும் உண்டு. அந்த ஐயத்தைத் தீர்ப்பதே அழுத்தக் கம்பிப் பரிசோதனை.

ஏறத்தாழ 0.36 மி.மீ. தடிமனுள்ள இக்கம்பியின் முனையருகே அழுத்தத்தை அளக்கும் நுண்கருவி உள்ளது. ஆஞ்சியோகிராம் செய்த வழியிலேயே இதனை அடைப்புக்கு அப்பால் செலுத்துகிறோம். பின்னர் அடினோசின் போன்ற மருந்தினால் இரத்த ஓட்டத்தை உச்ச நிலைக்குக் கொண்டுவந்து, அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தத்தை அதற்கு முன்னுள்ள அழுத்தத்தால் வகுக்கிறோம். முன்னே 100, அப்பால் 70 எனில் விகிதம் 0.70. இதுவே எஃப்.எஃப்.ஆர். எனப்படுகிறது. இது 0.80 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அடைப்பு இரத்த ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று கொள்கிறோம். அதற்கு மேலிருந்தால் பெரும்பாலும் மருந்தே போதுமானது.

2009இல் வெளியான 'ஃபேம்' ஆய்வில், பல குழாய்களில் அடைப்புள்ள 1,005 பேர் பங்கேற்றனர். ஆஞ்சியோகிராமை மட்டும் நம்பிய பிரிவில் ஒருவருக்குச் சராசரியாக 2.7 ஸ்டென்ட்டுகளும், அழுத்தம் அளந்த பிரிவில் 1.9 ஸ்டென்ட்டுகளும் வைக்கப்பட்டன. ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் ஒன்றேனும் நேர்ந்தோர் முறையே 18.3, 13.2 சதவீதம். குறைவான ஸ்டென்ட்டுகளோடு நிறைவான பலன் கிடைத்தது.

அடினோசின் செலுத்தும்போது மூச்சுத்திணறலும் நெஞ்சு இறுக்கமும் சிறிது நேரம் தோன்றலாம். மருந்தை நிறுத்தியதும் அவை விரைவில் அடங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

"ஸ்டென்ட் தேவையில்லை" என்பதற்கு "நோயில்லை" என்று பொருளன்று. மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ளுதல், புகைபிடித்தலைக் கைவிடுதல், சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கட்டுக்குள் வைத்தல் ஆகியனவே அப்போது முழுமையான சிகிச்சை. அதில் குடும்பத்தினரின் துணை இன்றியமையாதது. புதிதாக நெஞ்சுவலி தோன்றினாலோ, இருந்த வலி மிகுந்தாலோ, பழைய அறிக்கையை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.