பாட்டில்லாத மர்மப் படம்: இன்றும் பழசாகாத "அந்த நாள்"

ஹவுரா: 1943-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி ஹவுரா பாலம் திறக்கப்பட்டபோது விழா ஏதும் நடக்கவில்லை. ஜப்பானிய விமானங்கள் வரக்கூடும் என்ற அச்சமே காரணம். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் கல்கத்தாவில் குண்டுகள் விழுந்திருந்தன. 1943 அக்டோபரில் சென்னையிலும் ஜப்பானிய விமானம் குண்டு வீசியது. அந்தச் சம்பவத்தைப் பின்னணியாகக் கொண்டு ஏவி.எம். தயாரித்த படம்தான் "அந்த நாள்". 1954 ஏப்ரல் 13-ந் தேதி வெளியான இப்படத்தை இயக்கிய வீணை வித்வான் எஸ். பாலசந்தருக்கு அப்போது வயது 27.

குண்டு விழுந்த மறுநாள், ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். விசாரிக்க வருகிறார் துப்பறியும் அதிகாரி சிவானந்தம். வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே இந்த வேடத்திலும் தோன்றினார். தம்பி, தம்பி மனைவி, அடுத்த வீட்டுக்காரர், காதலி, மனைவி என ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்ல, சந்தேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அகிரா குரோசவாவின் "ராஷோமான்" படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி புரியும்.

பாட்டும் நடனமும் அறவே இல்லாத முதல் தமிழ்ப் படம் இது. டஜன் பாட்டுகள் கேட்டுப் பழகிய ரசிகர்களில் பலர் முதலில் ஏமாற்றமடைந்தனர். ஆனாலும் தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் கிடைத்தது.

கல்கத்தாத் தமிழருக்கு இன்னொரு செய்தி உண்டு. ராஜன் வேடத்துக்கு முன்னதாகத் தேர்வானவர்களில் ஒருவர், இந்நகரின் கல்லூரிப் பேராசிரியர் என். விஸ்வநாதன். படப்பிடிப்பும் தொடங்கியது. ஏவி. மெய்யப்ப செட்டியாருக்கு நிறைவில்லை; வேடம் சிவாஜி கணேசனுக்குப் போயிற்று. விஸ்வநாதன் சோர்ந்துவிடவில்லை. 1962-ல் சத்யஜித் ராயின் "காஞ்சன்ஜங்கா"வில் நடித்தார். 1976-ல் "மூன்று முடிச்சு" படத்தில் "கல்கத்தா" விஸ்வநாதனாகத் தமிழ் ரசிகர்கள் முன் தோன்றினார்.

பாலசந்தர் காலமானது 1990 ஏப்ரல் 13-ந் தேதி, ஹவுரா-மும்பை ரயில் பாதையிலுள்ள பிலாயில். படம் வெளியாகிச் சரியாக 36 ஆண்டுகள்!

துப்பறியும் படத்தில் முடிச்சு அவிழ்ந்தால் சுவை போய்விடும் என்பார்கள். இங்கே அப்படியில்லை. தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற ஆத்திரத்தில் எதிரிக்கு ரகசியம் விற்கிறான் ராஜன். அவன் மனைவி உஷாவோ தேசப்பற்றில் ஊறியவள். கணவனா, நாடா என்று பண்டரிபாய் தவிக்கும் தவிப்பு, முடிவு தெரிந்தவர்களையும் கட்டிப்போடுகிறது. கொலையாளி யார்? பார்க்காதவர்களுக்காக அதை இங்கே சொல்லவில்லை.