பெருவிடரின் விளிம்பில்

கண்ணாற் கண்டதே மெய் என்பது உலக வழக்கு. ஆயினும், காண்பவர் கண்ணையே ஏமாற்றும் இடம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்தில் உள்ளது. கொலராடோ என்னும் ஆறு வறண்ட மேட்டுநிலத்தை அறுத்து ஓடியதனால் உண்டாகிய அப்பெரும் பிளவினை ஆங்கிலத்தில் ‘கிராண்ட் கேன்யன்’ என்பர். பள்ளத்தாக்கு என்னும் சொல் அதற்குப் போதாது. அச்சொல்லைக் கேட்டவுடன் மெல்லச் சரிந்திறங்கும் பசும்புல் வெளியே நம் நினைவில் எழும். மலைப்பிளவை ‘விடர்’ என்று நம் முன்னோர் வழங்கினர். ஆதலின், அதனைப் பெருவிடர் என்றே இப்பாடத்திற் குறிப்போம்.

பெருவிடரின் நீளம் 446 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்தில் 29 கிலோமீட்டர். ஆழமோ சில இடங்களில் 1,800 மீட்டருக்கும் மிகுதி. மாணவர்களே, இவ்வெண்களை மனப்பாடம் செய்வதனால் மட்டும் ஒன்றும் விளங்கிவிடாது. 1540ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள்.

அவ்வாண்டில் கார்தெனாஸ் என்னும் ஸ்பானியத் தலைவர் ஒருவர், ஹோப்பி இனத்தார் வழிகாட்ட, சில வீரருடன் பெருவிடரின் தென் விளிம்பை அடைந்தார். ஐரோப்பியர் அதனைக் கண்டது அதுவே முதன்முறை. கீழே ஓடிய ஆறு, தாண்டிக் கடக்கத்தக்க சிறு வாய்க்கால் போல் அவர்களுக்குத் தோன்றியது. உடல் வலிமை மிக்க மூவர் கீழே இறங்கத் தொடங்கினர். பிற்பகலில் மீண்டு வந்து அவர்கள் கூறியது யாது? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொலைவே தம்மால் இறங்க இயன்றது என்பதும், மேலிருந்து நோக்கியபோது ஆள் உயரமே உடையனவாய்த் தோன்றிய பாறைகள் செவில் நகரத்துப் பெருங்கோபுரத்தினும் உயர்ந்தவை என்பதுமே! வாய்க்கால் எனத் தோன்றிய ஆற்றின் அகலம் உண்மையில் ஏறத்தாழ 90 மீட்டர். அடியில் அத்துணைப் பெரிய ஆறு ஓடியும், மேலே குடிநீர் கிடைக்காமையால் அப்படையினர் வந்த வழியே திரும்பினர்.

கண் இவ்வாறு பிழைபடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு பொருளின் பெருமையை அறிய, அதன் அருகே நாம் அளவறிந்த பொருள் ஒன்று இருத்தல் வேண்டும். வீடோ மாடோ மனிதனோ இருப்பின் ஒப்பிட்டு அறியலாம். பெருவிடரினுள் நம் கண்ணுக்கு எட்டுவன பாறையும் வெளியுமே. வறண்ட காற்று தெளிவாயிருப்பதால், பதினாறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எதிர் விளிம்பும் அண்மையில் நிற்பது போல் மயக்கும். எஞ்சி நின்று உதவுவது நிழல் ஒன்றே. அதுவும் உச்சிப் பொழுதில் ஒடுங்கிவிடும்.

யான் என் மகனுடன் முதன்முறை அங்குச் சென்றது ஒரு வேனிற்கால நண்பகலில். பலர் புகழக் கேட்டுப் பெரிதும் எதிர்பார்த்துச் சென்ற எனக்கு, வெயிலில் வெளிறிய திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டாற்போலவே அக்காட்சி தோன்றியது. இதற்காகவா இத்துணைத் தொலைவு வந்தோம் என்று உள்ளூர வருந்தினேன். உடனே திரும்பிவிடலாம் என்றும் கூறினேன். மகன் இசையவில்லை. மாலையில் கதிரவன் சாயச் சாய நிழல் நீண்டது. ஒரே சுவர் என யான் எண்ணியிருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக ஆறேழு சுவர்களாய்ப் பிரிந்து விலகி நின்றது. ஒவ்வொன்றின் இடையிலும் ஓர் ஊர் அடங்கும் பள்ளம்! வெண்மையாயிருந்த பாறை பொன்னிறமுற்றுப் பின் செந்நிறம் எய்தியது. பாலைக்கு நண்பகலைச் சிறுபொழுதாக வகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். அதன் கொடுமையை உணர்த்த அப்பொழுது ஏற்றதே. காட்சிக்கு அது ஏற்றதன்று.

ஆதலின், பெருவிடரைக் காண விழைவோர் முதற்கண் வரையறுக்க வேண்டுவது பொழுதையே. கதிரவன் தோன்றுதற்கு ஒரு மணி நேரம் முன்னரோ, மறைதற்கு ஒரு மணி நேரம் முன்னரோ விளிம்பை அடைதல் நன்று. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க மாநிலங்களுட் பெரும்பாலானவை வேனிற்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும். அரிசோனா அவ்வாறு செய்வதில்லை. ஆனால், அம்மாநிலத்தினுள்ளேயே நவஹோ இனத்தார் நிலப்பகுதியில் அவ்வழக்கம் உண்டு. கிழக்கேயுள்ள அந்நிலத்தைக் கடந்து வருவோர் கடிகாரத்தைத் திருத்த மறந்தால் கணக்குத் தவறும்.

எவ்விளிம்பிற்குச் செல்வது என்பது அடுத்த வினா. தென்விளிம்பு, வடவிளிம்பு என இரண்டு உள. பறவைக்கு அவற்றின் இடைத்தொலைவு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். சாலைவழிச் செல்லும் மனிதனுக்கோ 350 கிலோமீட்டர்! ஒரே நாளில் இரண்டையும் காண்போம் எனத் திட்டமிடுவோர் சாலையை மட்டுமே கண்டு திரும்புவர். வடவிளிம்பு இன்னும் உயரமானது. குளிர்காலத்தில் பனியால் அதன் சாலை அடைபடும். 2025ஆம் ஆண்டில் அங்கு மூண்ட காட்டுத்தீயில் பழைய விடுதியும் எரிந்துபோயிற்று. முதன்முறை செல்வோர்க்குத் தென்விளிம்பே தக்கது. மேதர் முனை காலைக்கும், ஹோப்பி முனை மாலைக்கும் பெயர் பெற்றவை. ஹோப்பி முனைக்குச் செல்லும் சாலையில் மார்ச்சு முதல் நவம்பர் வரை சொந்த ஊர்திகளை விடுவதில்லை. கட்டணமில்லாப் பேருந்துகள் செல்லும். ஆற்றைக் காண விழைவோர் கிழக்கே 40 கிலோமீட்டர் சென்று, 1932இல் எழுப்பப்பட்ட கற்கோபுரம் நிற்கும் இடத்தினின்று நோக்கலாம். ஏனைய முனைகள் பலவற்றில் ஆறு மறைந்தோ இழைபோற் குறுகியோ தோன்றும்.

இனி, உயிரோடு தொடர்புடைய செய்தி ஒன்று. தென்விளிம்பு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஊசியிலை மரங்கள் நிற்கும். குளிர்ந்த காற்று வீசும். கீழே இறங்க இறங்க வெப்பம் மிகும். ஆற்றங்கரையில் வேனிற்காலத்தில் 40 பாகை செல்சியசுக்கு மேலும் வெயில் காயும். இதனைத் தலைகீழாக நிறுத்திய மலை எனலாம். மலை ஏறுவோன் வலிமை உள்ள காலையில் ஏறி, களைத்தபின் இறங்குவான். களைப்பு முன்னரே தோன்றினால் பாதி வழியில் திரும்பலாம். இங்கோ எளிய பகுதி முதலில் வரும். குளிர்ந்த காலையில் துள்ளிக்கொண்டு இறங்கியவன், கொளுத்தும் வெயிலில் 1,300 மீட்டருக்கும் மிகுதியாக ஏறி மீள வேண்டும். களைப்பை உணரும்போது அவன் ஏற்றத்தின் அடியில் நிற்பான். அருகில் தெரிகின்ற ஆற்றைத் தொட்டு அன்றே திரும்பலாம் எனக் கண் கூறும். வேனிற்காலத்தில் அம்முயற்சி வேண்டா எனக் காவலர் தடுத்துரைப்பர். காவலர் சொல்லைப் பொருட்படுத்தாது இறங்கி வெப்பத்தால் உயிர் நீத்தவர் உளர்; அவருள் இளைஞரும் உளர்.

மேலே நிற்போர்க்கும் தண்ணீர்க் கவலை உண்டு. விளிம்பிற் பெய்யும் மழையைச் சுண்ணாம்புப் பாறை உறிஞ்சி ஆழத்திற்கு அனுப்பிவிடும். 1901இல் இருப்புப்பாதை அங்கு எட்டியபின், தொடர்வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தனர். பின்னர் வடபுறச் சரிவிலுள்ள ஊற்றொன்றிலிருந்து விடரின் குறுக்கே குழாய் அமைத்தனர். அக்குழாயும் பலமுறை உடைந்திருக்கின்றது. ஆதலின், புறப்படுமுன் தண்ணீர் நிலையைக் கேட்டறிந்து, போதிய அளவு உடன்கொண்டு செல்க. சூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடியும் மின்னலும் எழுவதுண்டு. இடியோசை கேட்டவுடன் விளிம்பை விட்டு அகல வேண்டும். கைப்பிடிச் சுவர் சில இடங்களில்தான் உண்டு. படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி நடப்பதைப் போன்ற பேதைமை வேறில்லை.

1858இல் அப்பகுதியை ஆராய்ந்த ஐவ்ஸ் என்னும் படை அலுவலர், பயனற்ற இவ்விடத்திற்குத் தமக்குப் பின் எவரும் வாரார் என்று கருதி எழுதினார். இன்று ஆண்டுதோறும் நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வருகின்றனர். 1919இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

நண்பகலில் சென்று சேர்ந்துவிட்டவர் மாலை வரும்வரை என் செய்வது? யவப்பாய் முனையிலிருந்து ‘காலத்தின் பாதை’ என ஒரு நடைபாதை உண்டு. அதில் ஒரு மீட்டர் நடந்தால் பத்து இலட்சம் ஆண்டு கடந்ததாகக் கணக்கு. பெருவிடரின் மேற்பாறை ஏறத்தாழ 27 கோடி ஆண்டுப் பழமை உடையது. அடிப்பாறை 175 கோடி ஆண்டளவு பழமையானது. அப்பாறைகளின் மாதிரிகளை வழிநெடுக நாட்டியிருக்கின்றனர், தொட்டுப் பார்க்கலாம். ஆறு இவ்விடரை அறுக்க எடுத்துக்கொண்ட காலம் ஐம்பது அறுபது இலட்சம் ஆண்டு என்பது அறிஞர் பலர் கருத்து. அப்பாதையில் அது ஐந்தாறு மீட்டரே. எண்பது ஆண்டு வாழ்ந்தவர் வாழ்நாளோ, ஒரு மயிரிழையின் பருமன்.

கதிரவன் மறைந்ததும் கூட்டம் கலைந்து பேருந்துக்கு ஓடும். கைவிளக்கு ஒன்றும் கம்பளி ஆடை ஒன்றும் வைத்திருப்போர் சற்றுப் பொறுத்திருக்கலாம். கடைசிப் பேருந்தின் நேரத்தை மட்டும் முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். செம்மை கரைந்து ஊதாவாகும். ஊதா இருளில் அடங்கும். விண்மீன்கள் நெருங்கித் தோன்றும். அப்போது கீழ் நோக்கினேன். எங்கோ ஆழத்தில், தாமதித்து ஏறி வரும் யாரோ ஒருவரின் கைவிளக்கு, மின்மினியினும் சிறிதாய் அசைந்துகொண்டிருந்தது. பகல் முழுதும் நோக்கியும் பிடிபடாத ஆழத்தை அவ்வொளிப்புள்ளியைக் கண்ட பின்னரே உணர்ந்தேன். அது மேலே வந்து சேரும்வரை நிற்க விரும்பினேன். ஆனால், பேருந்து வந்துவிட்டது.