வெளிச்சம் ஊற்றிய உறை

1939இல் உலகப் போர் தொடங்கும் முன்பு, கோலார் தங்க வயலில் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி வைத்ததுதான் சட்டம். ஒரு பக்கம் பங்களாக்களும் கிளப்பும். மறு பக்கம் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த தமிழர்களின் லைன் வீடுகள். அந்தக் காலத்தில் இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் கைக்கடக்கமான கேமராவில் எடுத்த வீட்டுச் சலனப்படங்கள் பல, இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் இருக்கின்றன. பிள்ளைகளின் விளையாட்டு, தோட்டம், கடைத்தெரு, திருவிழா என்று அவற்றில் நம் ஊர் வாழ்க்கையும் பதிந்திருக்கிறது.

கோடாக் கம்பெனி 16 மில்லிமீட்டர் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1923இல். அதில் ஓடிய படச்சுருள் வேலை செய்யும் விதம் நம் அடுக்களையில் பாலுக்கு உறை ஊற்றுவதை அப்படியே ஒத்திருக்கிறது.

சுருளின் மேல் ஜெலட்டின் பூச்சு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளி உப்புத் துகள்கள். ஒவ்வொரு துகளையும் ஒரு கிண்ணம் பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் கதவு திறந்து மூடும் நொடியில், வெளிச்சம் பட்ட கிண்ணங்களில் மட்டும் ஒரு சொட்டு உறைமோர் விழுகிறது. பார்வைக்கு எல்லாம் அதே பால்தான். படம் இன்னும் தெரியாது. துகளுக்குள் சில வெள்ளி அணுக்கள் மட்டுமே பிரிந்திருக்கின்றன. பிறகு டெவலப்பர் மருந்தில் சுருளைக் கழுவும்போது, அந்தச் சில அணுக்கள் முழுத் துகளையும் கறுத்த வெள்ளியாக மாற்றிவிடுகின்றன. ஒரு சொட்டு மோர் முழுக் கிண்ணத்தையும் தயிராக்கும் வேலை இதுதான்.

இந்த நிலையில் வெளிச்சமான இடம் கறுப்பாக இருக்கும். ஸ்டுடியோக்காரர் இதை நெகட்டிவ் என்று எடுத்துவைத்து வேறு பிரதி போடுவார். வீட்டுப் படத்தில் அப்படிச் செய்யவில்லை, செலவு இரட்டிப்பாகும். தோய்ந்த தயிரை எல்லாம் இன்னொரு மருந்தால் வழித்து எடுத்துவிட்டார்கள். மீந்திருந்த பால் கிண்ணங்களுக்கு மறுபடி வெளிச்சம் காட்டி, அவற்றையும் தோய வைத்தார்கள். முதலில் வெயில் பட்ட இடம் இப்போது காலிக் கிண்ணம். புரொஜெக்டர் ஒளி அதன் வழியே போகும். நிழல் இருந்த இடம் கறுப்பு. கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் திரையில் ஓடும் படமும்.

100 அடிச் சுருளில் 4,000 படங்கள். நொடிக்கு 16 என்று ஓட்டினால் நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம். நெகட்டிவ் கிடையாது. அந்தச் சுருள் போனால் போனதுதான்.

அன்றைய சுருளுக்கு உறை விழ நல்ல வெயில் வேண்டும். பங்களாவின் புல்தரையில் அது தாராளம். தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியாழத்தில், சின்ன விளக்கு வெளிச்சத்தில் பாறை துளைத்தவர் முகத்தில் ஏது அவ்வளவு வெளிச்சம்? 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர்தான். ஆனாலும் கேமரா வாங்க வசதி இருந்தது மேலே, உழைப்பு நடந்தது கீழே. இந்த வகைப் படங்களில் தோட்டக்காரரும் ஆயாவும் படச்சட்டத்தின் ஓரத்தில் வந்துபோவதற்கும், சுரங்கத்துக்குள் இறங்கியவர் வராததற்கும் வெளிச்சம் பாதிக் காரணம், கேமரா யார் கையில் இருந்தது என்பது மீதிக் காரணம்.

தோய்ந்த தயிரை வெளியில் வைத்தால் புளிக்கும். சுருளுக்கும் அதே கதி, ஆனால் இங்கே புளிப்பது தயிரல்ல, கிண்ணம். அசிட்டேட் பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பட்டை வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்துகிறது. டப்பாவைத் திறந்தால் மூக்கில் ஏறும் வினிகர் நெடிதான் முதல் அறிகுறி. பிறகு சுருள் சுருங்கும், வளையும், பூச்சு உரியும். பக்கத்துச் சுருளையும் அந்த ஆவி கெடுக்கும். குளிர்ச்சி இதை மெதுவாக்குமே தவிர, கெட்டதைத் திருப்பித் தராது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு தங்க வயல்காரர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் சிதறினார்கள். யார் வீட்டுப் பரணிலாவது வட்டமான தகர டப்பா கிடந்தால் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். ஆசைக்குக்கூடப் பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள், சுருங்கிய சுருள் பல்சக்கரத்தில் மாட்டிக் கிழியும். நெடி அடிப்பதைத் தனியே பிரித்து, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்யும் வழியை, மும்பையில் 2014 முதல் இயங்கும் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் போன்ற இடங்களில் விசாரியுங்கள். பங்களாக்களில் வேலை செய்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், படத்தை அவர்களுக்குப் போட்டுக்காட்டி, ஓரத்தில் நிற்பவர்களின் பெயரைக் கேட்டு எழுதிவையுங்கள். இதை இந்த வருஷமே செய்யுங்கள்.