சோம்பல் இல்லை... நரம்புக்கு 'சார்ஜ்' பத்தலை! எம்.எஸ். நோய்க்கும் சுகருக்கும் என்ன தொடர்பு?

"வீட்ல சும்மாதானே இருக்க, அதுக்குள்ள என்ன டயர்டு?"

எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பாதித்தவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் கண்டறியப்படும் இந்த நோய், பெண்களையே அதிகம் தாக்குகிறது. வெளியே பார்த்தால் ஆள் நன்றாகத்தான் தெரிவார். சிக்கல் நரம்புக்குள்.

நரம்பில் என்ன நடக்கிறது?

மூளை, தண்டுவட நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை நம் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குவதுதான் எம்.எஸ். உறை இருக்கும்போது சிக்னல் தாவித் தாவிப் போகும். செலவு கம்மி. உறை போன இடத்தில் ஊர்ந்து ஊர்ந்துதான் போக வேண்டும். அப்போது நரம்புக்குள் புகும் சோடியத்தை வெளியே தள்ளவே ஏராளமான எனர்ஜி தேவைப்படும். அந்த எனர்ஜியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் அழற்சி பழுதாக்கிவிடுகிறது. செலவு கூடுது, வரவு குறையுது. இந்தப் பற்றாக்குறை நீடித்தால் நரம்பிழையே அழிந்துபோகலாம். பிறகு அதைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

இதில் இன்சுலின் எங்கே வந்தது?

இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் செல்கள் சரியாகத் திறக்காததுதான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ். எம்.எஸ். உள்ளவர்களிடம் இது அதிகம் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. நடமாட்டம் குறைவதும், உடலில் தொடரும் அழற்சியும் காரணமாக இருக்கலாம். நோய் திடீரெனத் தீவிரமானால் போடப்படும் ஸ்டீராய்டும் சுகரை ஏற்றிவிடும். அதற்காக ஸ்டீராய்டுக்குப் பயந்து சிகிச்சையைத் தவிர்க்கக் கூடாது. உங்களுக்கோ குடும்பத்திலோ சுகர் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதுபோதும்.

அப்போ சுகர் மாத்திரை போட்டா சரியாகிடுமா?

இந்தக் கேள்வி வரக் காரணம், மெட்ஃபார்மின். வயதான எலிகளில் மயலின் மீண்டும் உருவாக இந்த மருந்து உதவியதாக 2019-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அறிவித்தனர். பின்னர் அங்கேயே, எம்.எஸ். உள்ள 70 பேரிடம், கிளமாஸ்டின் என்ற பழைய அலர்ஜி மருந்துடன் சேர்த்துச் சோதித்தார்கள். கண்ணிலிருந்து மூளைக்குச் சிக்னல் போகும் வேகத்தில் சிறு பலன் தெரிந்தது. ஆனால், நோயாளிகள் உணரும்படியான முன்னேற்றம் இல்லை. கிளமாஸ்டின் டயர்டை இன்னும் கூட்டவும் செய்யும்! அதனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இப்போதைக்கு டாக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு: ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுக்கணுமா? என் உடம்புக்கு எவ்வளவு உடற்பயிற்சி தாங்கும்?