அட்வான்ஸ் வாங்கும் முன்… கிரய ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை!

திண்டுக்கல்லில் இருந்து நத்தம், பழனி, வத்தலக்குண்டு செல்லும் சாலைகளை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களைத் தேடி ரியல் எஸ்டேட் முதலீட்டாளர்கள் வருகிறார்கள். சிலர் முழுப் பணம் கொடுத்துக் கிரயம் செய்கிறார்கள். வேறு சிலரோ சிறு தொகையை அட்வான்ஸாகக் கொடுத்து, மீதிக்குத் தவணை கேட்டு ஒப்பந்தம் போடுகிறார்கள். சிக்கல் இந்த இரண்டாவது வகையில்தான்.

உதாரணத்துக்கு, 3 ஏக்கர் மானாவாரி நிலம், ஏக்கர் 30 லட்சம் ரூபாய் என்று பேசி, 3 லட்சம் அட்வான்ஸ், 2 வருடம் கெடு என்று வைத்துக்கொள்வோம். விலை 45 லட்சமாக ஏறினாலும் விவசாயி 30 லட்சத்துக்கே கொடுக்க வேண்டும். ஏற்றம் முழுவதும் முதலீட்டாளருக்கு. விலை இறங்கினால் அவர் ஒதுங்கிக்கொள்வார். அதுவரை நிலத்தை வேறு யாருக்கும் விற்க முடியாது.

பதிவும் வில்லங்கமும்

தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் கிரய ஒப்பந்தத்தையும், அசையாச் சொத்துக்கான பவர் பத்திரத்தையும் பதிவு செய்வது கட்டாயம். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். அதை நீக்க இருவரும் கையெழுத்திட்ட ரத்துப் பத்திரம் தேவை. எதிர்த்தரப்பு வராவிட்டால் நீதிமன்றம்தான் வழி.

கெடு முடிந்தாலும் விஷயம் முடிவதில்லை. கெடு தேதியில் இருந்து 3 ஆண்டுகளுக்குள், கிரயம் செய்து தரக் கோரி வாங்குபவர் வழக்குப் போடலாம். 1.10.2018-ல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பின், ‘நஷ்ட ஈடு தருகிறேன், நிலத்தைத் தரமாட்டேன்’ என்று விற்பவர் தப்பிப்பது கடினம். ஆனால், பணத்தோடு தயாராக இருந்ததை வாங்குபவரும் நிரூபிக்க வேண்டும்.

பவர் கொடுக்கலாமா?

பவர் பத்திரத்தால் நிலத்தின் உரிமை மாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் வாங்கியவர் மனை போட்டு விற்றாலும், பத்திரங்களில் விற்பவர் விவசாயிதான். சாலை, குடிநீர் இல்லை என்றால் மனை வாங்கியவர்கள் அவர் வீட்டு வாசலுக்கே வருவார்கள். பணம் பெற்றுக்கொண்டு கொடுத்த பவரை நினைத்தபோது ரத்து செய்யவும் முடியாது.

அனுமதி யாருக்குத் தேவை?

விவசாய நிலத்தை அப்படியே வாங்குபவருக்கு ரியல் எஸ்டேட் உரிமம் தேவையில்லை. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்டுக்கு மேல் மனைகளாகப் பிரித்து விற்க, நகர் ஊரமைப்புத் துறையின் மனைப்பிரிவு அனுமதியோடு, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்த மனைகளை விற்றுத் தரும் முகவரும் அங்கு பதிவு பெற்றிருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்…

* கெடுவைக் குறுகிய காலமாக, தேதியோடு எழுதுங்கள்.
* கெடு தவறினால் அட்வான்ஸ் யாருக்கு, ஒப்பந்தம் எப்படி ரத்தாகும் என்பதையும் எழுதுங்கள்.
* முழுப் பணம் வரும் முன் பவரும் நிலத்தின் அனுபவமும் கொடுக்க வேண்டாம்.
* வெள்ளைத் தாளிலோ, நிரப்பாத பத்திரத்திலோ கையெழுத்திடாதீர்கள்.
* பத்திர எழுத்தர் எழுதியதை வேறொரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களும், பட்டியல் இனத்தவரும், பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். வேறு சில பிரிவினரைத் தவிர, மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 3 லட்சம் கைக்கு வரும் முன் ஒரு நாள் ஒதுக்கி விசாரித்தால், 3 ஏக்கர் பல வருடம் கோர்ட்டில் கிடக்காது.