சத்தம் வேறு, சக்தி வேறு: சைலன்சர் வியாபாரிகளின் கவனத்திற்கு

இரு சக்கர வாகன உதிரி பாகக் கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டினால் வண்டி நன்றாக இழுக்குமா?" என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் இளைஞர். "இழுக்கும் தம்பி" என்று சொல்லி பில் போட்டுவிட்டால் அன்றைய வியாபாரம் முடிந்துவிடும். ஆனால் அதே இளைஞர் அடுத்த மாதம் வந்து, மைலேஜ் குறைந்துவிட்டது, நெரிசலில் வண்டி திணறுகிறது, போலீசார் பிடித்து அபராதம் போட்டுவிட்டார்கள் என்று கடை வாசலில் நின்றால், நூறு வாடிக்கையாளர்களுக்கு அது தெரிந்துவிடும். ஆகவே நாம் விற்கும் பொருள் எப்படி வேலை செய்கிறது, எதைத் தரும், எதைத் தராது என்பதை நாம் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

சத்தம் எங்கே பிறக்கிறது?

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் அடிமட்டத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுகிறது. அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் எரிந்த வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். கோலி சோடாவைத் திறந்தது போல அது குழாய்க்குள் பாய்கிறது. ஒற்றை சிலிண்டர் வண்டி நிமிடத்திற்கு 6,000 சுற்று ஓடும்போது இப்படி நொடிக்கு 50 அடிகள் குழாயில் விழுகின்றன. இந்த அடிகளின் தொடர்தான் நம் காதில் விழும் சத்தம்.

இதை அடக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அறை முறை. சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து இரண்டு மூன்று அறைகளாகப் பிரித்து, துளையிட்ட குழாய்களால் இணைத்திருப்பார்கள். ஒலி அலை அறைச் சுவர்களில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு மோதித் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். கம்பெனி சைலன்சர்கள் பெரும்பாலும் இந்த வகை. மற்றொன்று பஞ்சு முறை. துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு திணித்திருப்பார்கள். அலை பஞ்சில் உராய்ந்து வெப்பமாக மாறிவிடும். 'கிளாஸ்வூல்' என்று நாம் விற்பது இதுதான். கீச்சென்ற மேல் ஒலியை இது நன்றாக உறிஞ்சும். அடித்தொனியை அவ்வளவாக உறிஞ்சாது. அதனால்தான் புல்லட்டில் இதை மாட்டினால் கனத்த 'டுக் டுக்' ஒலி கிடைக்கிறது. நாளடைவில் பஞ்சு கரிந்து, எண்ணெய் ஏறி, துகளாக வெளியேறிவிடும். அப்போது சத்தம் கூடிவிடும். இந்தப் பஞ்சு அவ்வப்போது மாற்ற வேண்டிய பொருள் என்பதை விற்கும்போதே சொல்லிவிட்டால் பின்னால் தகராறு வராது.

லாங் பாட்டில், ஷார்ட் பாட்டில், கோல்ட் ஸ்டார், மெகாபோன், இந்தோரி, பஞ்சாப் என்று நம் அலமாரியில் எத்தனை பெயர்கள் இருந்தாலும், உள்ளே இருப்பது அறை, பஞ்சு, அல்லது ஒன்றுமே இல்லாத வெறுங்குழாய். வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

சக்தி கூடுமா?

"எஞ்சினுக்குப் பின் அழுத்தம் வேண்டும்" என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். "தடையே இருக்கக்கூடாது, திறந்துவிட்டால் பறக்கும்" என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் அரைகுறை. எந்த எஞ்சினுக்கும் தடை தேவையில்லை. தேவைப்படுவது வாயு ஓடும் வேகமும், அலை திரும்பும் நேரமும்.

அழுத்த அலை குழாயில் ஓடி, குழாய் அகலமாகும் இடத்தை அடைந்ததும் அங்கிருந்து ஓர் உறிஞ்சும் அலை எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சிறிது நேரம் ஒருசேரத் திறந்திருக்கும். அந்தக் கணத்தில் உறிஞ்சும் அலை வந்து சேர்ந்தால், எரிந்த மிச்சத்தை இழுத்துவிட்டுப் புதுக் கலவையை உள்ளே கூட்டிக்கொண்டு வரும். இது பெண்ட் பைப்பின் நீளம், உள்விட்டம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரே குழாய் எல்லா வேகத்திற்கும் பொருந்தாது. கம்பெனிக்காரர்கள் அன்றாடம் நாம் ஓட்டும் குறைந்த, நடுத்தரச் சுற்றுக்குப் பொருந்தும்படி கணக்குப் போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு அகலமான வெறுங்குழாய் மாட்டினால் உச்ச வேகத்தில் சிறிது லாபம் கிடைக்கலாம். பேருந்துக்குப் பின்னால் இரண்டாவது கியரில் போகும்போது இழுவை குறையும். நம் ஊர்த் தெருக்களில் எது அதிகம் தேவை என்பதை வாடிக்கையாளரே சொல்லிவிடுவார்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டியின் கதை வேறு. அதில் வால்வு இல்லை. சைலன்சரே பாதி எஞ்சின். கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில், அகன்று பின் குறுகும் கூம்பு வடிவக் குழாயைப் பந்தய வண்டிகளுக்குச் செம்மைப்படுத்தினார். தப்பிப் போகும் புதுக் கலவையைத் திரும்பும் அலை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் நாட்டைவிட்டு வெளியேறி, அந்த நுட்பத்தோடு சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. ஒரு குழாயின் வடிவத்திற்கு இவ்வளவு மதிப்பு! நம் நாட்டில் 1985-இல் வந்து 1996 வரை தயாரான ஆர்.எக்ஸ். 100 வண்டியின் சைலன்சரும் இந்தத் தத்துவத்தில் அமைந்ததுதான். ஆகவே அதை அறுத்து நீளத்தைக் குறைப்பவர், சத்தத்தைக் கூட்டி சக்தியைக் குறைத்துக்கொள்கிறார்.

சைலன்சரோடு நிற்காத செலவு

சைலன்சரைத் திறந்துவிட்டால் காற்றோட்டம் மாறும். கார்பரேட்டர் வண்டியில் அதற்கேற்ப ஜெட் மாற்றாவிட்டால் பெட்ரோல் விகிதம் குறைந்து எஞ்சின் சூடேறலாம். ஆக்சிலரேட்டரை விட்டதும் 'பட் பட்' என்று வெடிக்கும். பல இளைஞர்கள் அதைப் பெருமையாக நினைக்கிறார்கள். உண்மையில் அது சிலிண்டரில் எரியாத பெட்ரோல் குழாயில் எரியும் ஓசை. காசு புகையாகும் ஓசை.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் வண்டிகள் இன்னும் நுணுக்கமாகிவிட்டன. குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய கேட்டலிஸ்ட் இருக்கிறது. அதை உடைத்து எடுத்துவிட்டால் நச்சுப் புகை வடிகட்டப்படாமல் வெளியேறும். கம்பெனி உத்தரவாதம் மறுக்கப்படலாம். "பிளக் அண்ட் பிளே, எதையும் தொட வேண்டாம்" என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி நாம் வாக்குக் கொடுத்துவிடக்கூடாது.

நேர்மையாகச் சொன்னால், நல்ல தயாரிப்பில் ஒரு லாபம் நிச்சயம்: எடை குறையும். தோற்றமும் பிடித்திருக்கலாம். அதைச் சொல்லி விற்பதில் தவறில்லை. "5 குதிரை சக்தி கூடும்" என்று சொல்லி விற்பதுதான் தவறு.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆவது விதிப்படி ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும். இரு சக்கர வாகனங்களுக்கு 2003 ஜனவரி 1 முதல் தயாரிப்பு நிலையில் வகுக்கப்பட்ட வரம்பு: 80 சி.சி. வரை 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. "10 டெசிபல்தானே கூடுகிறது" என்று எண்ணக்கூடாது. 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு பதினொரு மணிக்கு ஒரு வெறுங்குழாய் தெருவைக் கடந்தால் எத்தனை கைக்குழந்தைகள், எத்தனை நோயாளிகள் விழித்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், ஒலி, புகை வரம்பை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுபவருக்கு முதல் குற்றத்திற்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. ஓட்டுநர் உரிமத்திற்கும் 3 மாதத் தடை. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரும் இதில் அடக்கம். மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்த தகப்பனாருக்கு இதை நாம் சொல்ல வேண்டும். 182-ஏ(4) பிரிவில், அனுமதியற்ற முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமும், 6 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய காட்சிகளை நாட்டின் பல நகரங்களில் பார்த்தாகிவிட்டது.

நமக்கு நேரடியாகப் பொருந்துவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பொருளின் தரம், பயன் பற்றிப் பொய்யாகச் சொல்வது, பில் தர மறுப்பது, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது ஆகியவை முறையற்ற வணிகம் என்று அது சொல்கிறது.

பழைய சைலன்சரிலேயே வியாபாரம் இருக்கிறது

வண்டி இழுக்கவில்லை என்று வருபவரில் பலருக்குப் புதுச் சைலன்சர் தேவையே இல்லை. கீழ்க்கண்டவற்றை முதலில் பார்க்கச் சொல்லலாம்.

1. பெண்ட் பைப் சிலிண்டரோடு சேரும் இடத்துக் கேஸ்கட். அது கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய் வெடிச்சத்தம் வரும். சிறு காசில் தீரும் வேலை.

2. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் பின்முனையிலுள்ள உள்குழாய். போல்ட்டைக் கழற்றி உருவிப் பார்த்தால் கரி அடைத்திருக்கும். சுத்தம் செய்து மாட்டினாலே பழைய வேகம் திரும்பும்.

3. துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டியில் குழாய் சூடாவதற்குள் எஞ்சின் நிறுத்தப்படுவதால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி அரிக்கும். அடியிலுள்ள சிறு வடிகால் துளை அடைபட்டிருக்கக்கூடாது.

4. கிளாம்ப், ரப்பர் புஷ், தாங்கு போல்ட். இவை தளர்ந்தால் அதிர்வில் குழாய் விரிசல் விடும்.

5. ஏர் பில்டர், பிளக், டாப்பெட் இடைவெளி. சைலன்சர் மீது போடப்படும் பழியில் பெரும்பங்கு இவற்றுக்குச் சேர வேண்டியது.

இந்தச் சில்லறைப் பொருள்களில் லாபம் சிறிதுதான். ஆனால் திரும்பி வராத சரக்கு, தேங்காத சரக்கு. வெறுங்குழாய்களை மொத்தமாக வாங்கி அடுக்கியவர்கள், காவல்துறை கெடுபிடி தொடங்கினால் அவற்றை இரும்பு விலைக்குத் தள்ள நேரிடும். அப்போது முதலுக்கே மோசம்.

ஆகவே உறுப்பினர்களுக்கு நம் வேண்டுகோள் இவ்வளவுதான். கொள்முதல் செய்யும்போது இந்த வண்டிக்கு இது பொருந்தும், ஒலி வரம்புக்குள் இருக்கும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தராதவரிடம் சரக்கு எடுக்காதீர்கள். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். "தம்பி, இது சத்தத்தைத்தான் கூட்டும், சக்தியைக் கூட்டாது" என்று சொல்லி ஒரு விற்பனையை இழந்தாலும், அந்தத் தம்பி செயின் ஸ்பிராக்கெட்டுக்கும் டயருக்கும் நம் கடைக்கே வருவார். நிறைகுடம் தளும்பாது, நல்ல எஞ்சினும் அலறாது.